காத்மாண்டுவில் முதல் இரண்டு நாள்: குழுவாகப் போகிறவர்களுக்கு

நேபாள மலைமேல் இருக்கும் முக்திநாத் பெருமாள் கோயில் யாத்திரைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு கும்பகோணத்திலிருந்து நான்கு முறை நேபாளம் போய் வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இருபது, இருபத்தைந்து பேர். பெரும்பாலோருக்கு அதுதான் முதல் வெளிநாடு. எந்தக் கோயில், எந்த ஓட்டல், எத்தனை நாள் என்பதெல்லாம் எங்கு கேட்டாலும் கிடைக்கும். இறங்கிய முதல் இரண்டு நாளை எப்படிக் கடப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கும் முதல் தடவை யாரும் சொல்லவில்லை.

நம்மைவிட வசதி குறைந்த ஒரு நாட்டில் கூட்டமாகப் போய் இறங்கும்போது நம் ஆட்களிடம் ஒரு மாற்றம் வருகிறது. ஊரில் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர், அங்கே வேன் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் "ஐயோ பாவம், எப்படி இருக்காங்க பாருங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார். ஒருவர் சொன்னால் இருபது பேரும் சொல்கிறார்கள். "பாவம்" என்று சொல்லிவிட்ட பிறகு எதிரில் நிற்கிற மனிதர் கண்ணில் படுவதில்லை. ஏழு நாள் பயணமும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே முடிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அது நடக்காமல் இருக்க என்னென்ன செய்யலாம் என்பதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

1. கிளம்பும் முன்: அட்டை, பணம், கடிகாரம்

இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் தந்த வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்று அசலாகக் கையில் இருக்க வேண்டும். ஆதார் மட்டும் வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும்தான் படம் ஒட்டிய வேறு அட்டை போதும் என்ற சலுகை. குழுவில் இரண்டு பேராவது "ஜெராக்ஸ் இருக்கே" என்று நிற்பார்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாருடைய அசல் அட்டையையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

நம் 100 ரூபாய்க்கு அங்கே 160 ரூபாய். 1993 முதல் இதே கணக்குதான், ஏற்ற இறக்கம் கிடையாது. 2018 டிசம்பரில் 100 ரூபாய்க்கு மேற்பட்ட நம் நோட்டுகளுக்கு நேபாள அரசு தடை போட்டது. இந்த விதி மாறக்கூடியது என்பதால் கிளம்புகிற வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் நூறு ரூபாய்க் கட்டு ஒன்று இருந்தால் சிக்கல் இல்லை. நம் யுபிஐ 2024 முதல் அங்கே 'ஃபோன்பே' (Fonepay) என்ற நேபாள நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருக்கிற கடைகளில் வேலை செய்கிறது. நம் ஊர் போன்பே (PhonePe) வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். மலைப்பக்கம் போனால் நோட்டுதான்.

நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிடக் கால் மணி நேரம் முன்னால் ஓடும். சின்ன விஷயம்தான். ஆனால் காலை ஐந்தரை மணி வண்டிக்குப் பாதிப் பேர் நம் நேரத்திலும் பாதிப் பேர் அவர்கள் நேரத்திலும் வந்து நின்றால் அன்றைய நாள் சண்டையில்தான் தொடங்கும். கையில் கட்டியிருக்கிற கடிகாரத்தை விமானத்திலேயே நேரம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். அரசு அலுவலகங்களுக்குச் சனிக்கிழமை விடுமுறை.

2. பெட்டிக்காகக் காத்திருக்கும் அரை மணி நேரம்

டெல்லி வழியாகப் போனால் விமானத்தின் இடது பக்க ஜன்னல் கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் பனிமலை வரிசை முழுக்க அந்தப் பக்கம்தான். காத்மாண்டுவின் திரிபுவன் விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதை என்பதால் விமானம் மேலேயே வட்டமடிப்பது சகஜம். பயப்பட வேண்டாம்.

இறங்கியதும் பெட்டி வர நேரமாகும். அந்த நேரத்தில் செல்போனை எடுக்காமல் சுற்றிப் பாருங்கள் என்றுதான் எங்கள் குழுவுக்குச் சொல்வேன். நேபாளத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. பெல்ட்டில் உங்கள் பெட்டிக்கு முன்னால் வருவது என்ன தெரியுமா? தட்டையான டிவிப் பெட்டிகள், கயிற்றால் இறுக்கிக் கட்டிய கம்பளிகள், டேப் சுற்றிச் சுற்றி ஒட்டிய அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் பெயரும் மாவட்டமும் மார்க்கரில் எழுதியிருக்கும். கத்தார், துபாய், மலேசியா என்று வேலைக்குப் போய் இரண்டு மூன்று வருஷம் கழித்துத் திரும்புகிறவர்களின் சாமான். திருச்சி விமான நிலையத்தில் அண்ணனையோ அப்பாவையோ அழைக்கப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதே அல்ல. நேபாளத்தின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இப்படி வெளியே போனவர்கள் அனுப்பும் பணம்தான். இனி ஒரு வாரம் நீங்கள் பார்க்கப்போகிற வீடு, பள்ளிச் சீருடை, பைக் எல்லாவற்றிலும் இந்த அட்டைப்பெட்டிகளின் பங்கு உண்டு.

வெளியே வந்ததும் யாராவது உங்கள் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளிவிட்டுக் காசு கேட்பார்கள். வேண்டாம் என்றால் முதலிலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். தள்ள விட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசுவது சரியில்லை. டாக்சி வேண்டுமென்றால் உள்ளேயே முன்பணக் கவுண்டர் இருக்கிறது. சிம் கார்டும் அங்கேயே வாங்கலாம். குழுவில் எல்லாருக்கும் தேவையில்லை, நாலு பேரிடம் இருந்தால் போதும்.

3. வேன் ஜன்னல்

நிலையத்திலிருந்து ஓட்டலுக்குப் போகிற அந்த முக்கால் மணி நேரத்தில்தான் "ஐயோ பாவம்" தொடங்கும். தூசி, புகை, தலைக்கு மேல் சிக்குப்பிடித்த மின்கம்பிகள், பூசாமல் நிற்கும் செங்கல் வீடுகள், மொட்டை மாடியில் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். மலை எங்கே, பனி எங்கே என்று தேடுகிறவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். காத்மாண்டு ஒரு கிண்ணம் மாதிரியான பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் புகையும் தூசியும் மேலே போக வழியில்லாமல் தங்கிவிடும். முகக்கவசம் கட்டாயம் எடுத்துப் போங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

அந்தக் கம்பிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை எங்களோடு வந்த ஒரு பெரியம்மா முதல் நாள் முழுக்க "வீட்டைக்கூட முடிக்க வழியில்லாம விட்டுட்டாங்களே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாலாம் நாள் பக்கத்து ஊரான பக்தபூரில் ஒரு வீட்டில் தேநீர் குடித்தோம். அந்த வீட்டு மாடியிலும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மா கேட்டே விட்டார். வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டு, கீழ்த்தளம் மூத்தவன் அனுப்பிய காசு, முதல் மாடி இரண்டாமவன், இந்தக் கம்பி கடைக்குட்டிக்கு, அவன் இப்போதுதான் போயிருக்கிறான் என்றார். எங்கள் ஓட்டுநர்தான் மொழிபெயர்த்தார். பெரியம்மா வீட்டு மாடியிலும் பதினைந்து வருஷமாகக் கம்பி நிற்கிறது, அவருடைய மகனும் சிங்கப்பூரில்தான். இரண்டு பேரும் அதற்கப்புறம் மொழியே இல்லாமல் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பழைய கட்டடங்களுக்கு மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்திருப்பதை அங்கங்கே பார்ப்பீர்கள். 2015 ஏப்ரல் 25 அன்று வந்த 7.8 அளவு நிலநடுக்கத்தில் கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள். பசந்தபூர், பாட்டன், பக்தபூர் அரண்மனைச் சதுக்கங்களில் விழுந்த கோயில்களில் பலவற்றைப் பழைய முறையிலேயே செங்கல், மரம் வைத்துத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். முட்டுக் கொடுத்த சுவரைப் பராமரிப்பில்லாத சுவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் போய் வந்த உறவினர் யாராவது "கரண்டே இருக்காது" என்று பயமுறுத்தியிருப்பார்கள். அவர் பார்த்தது உண்மைதான். ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டு இருந்த ஊர் அது. 2016இல் குல்மான் கிசிங் மின்வாரியத் தலைவரானதும் அந்த வருஷத் தீபாவளியிலிருந்து காத்மாண்டுவில் வெட்டு நின்றது. இப்போது மழைக்காலத்தில் இந்தியாவுக்கே மின்சாரம் விற்கிறார்கள். இந்த ஒரு தகவலை வேனில் மைக் பிடித்துச் சொல்லிப் பாருங்கள், வண்டிக்குள் பேச்சே மாறிவிடும்.

4. கூப்பிடுகிற விதம்

நம் ஊரில் இரவுக் காவலுக்கு வருகிறவரைக் "கூர்கா" என்போம். ஓட்டலில் வேலை செய்கிற பையன் எந்த மாவட்டமாக இருந்தாலும் "பகதூர்" என்றுவிடுவோம். இந்தப் பழக்கத்தைக் கும்பகோணத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று ஒவ்வொரு குழுவிடமும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். கூர்கா என்பது காத்மாண்டுவுக்கு மேற்கே இருக்கும் ஒரு மாவட்டத்தின் பெயர். பகதூர் ஒருவருடைய பெயரில் வரும் பகுதி. வேலைக்காரர் என்று எதற்கும் பொருள் கிடையாது.

அவர்களும் நம்மைப் போல முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அண்ணனுக்கு 'தாய்', அக்காவுக்கு 'தீதி', தம்பிக்குப் 'பாய்', தங்கைக்குப் 'பஹினி'. அண்ணனைத் தாய் என்பது நம் காதுக்கு முதலில் தடுக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். ஓட்டுநர், பரிமாறுகிறவர், கடைக்காரர் எல்லாரும் தாய் அல்லது தீதிதான். விலை கேட்க 'கதி?' போதும்.

அங்கே பெரும்பாலோருக்கு இந்தி புரியும். அதற்காக எடுத்த எடுப்பில் இந்தியில் அதட்டாதீர்கள். நம் ஊருக்கு வந்து ஒருவர் கடைக்காரரிடம் நேராக இந்தியில் ஆரம்பித்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலில் ஒரு 'நமஸ்தே', அப்புறம் எந்த மொழியானாலும் சரி.

இன்னொன்று, "இதுவும் இந்தியா மாதிரிதானே" என்று அன்பாகத்தான் சொல்வோம். அவர்களுக்கு அது வலிக்கும். 2015 நிலநடுக்கம் முடிந்து சில மாதத்திலேயே எல்லையில் சரக்கு வண்டிகள் நின்றுபோய், சமையல் எரிவாயு இல்லாமல் குளிர்காலத்தை விறகில் கழித்தார்கள். அதற்கு இந்தியாதான் காரணம் என்ற வருத்தம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அரசியல் வாதம் வேண்டாம். அவர்கள் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். புத்தர் பிறந்த லும்பினி நேபாளத்தில் இருக்கிறது, அதையும் நினைவில் வையுங்கள்.

5. கொடுக்கிற கை

நம் ஆட்களுக்குக் கொடுக்கிற மனசு உண்டு, அதில் குறையே சொல்ல மாட்டேன். எப்படிக் கொடுப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது.

இரண்டாம் தடவை பொகாரா போகிற வழியில், மலேகு பக்கம், சாலையோரம் நின்ற பிள்ளைகளைப் பார்த்து எங்கள் வேனிலிருந்து ஒருவர் ஜன்னல் வழியாகச் சாக்லேட்டை அள்ளி வீசினார். நாலைந்து பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தன. எதிரே லாரி. ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போய்ப் பிள்ளைகளை வீட்டுப் பக்கம் அனுப்பிவிட்டு வந்தார். கோபப்படவில்லை. "பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். ரோட்டுக்கு ஓடிவரப் பழக்கிவிடாதீர்கள்" என்று மட்டும் சொன்னார். அன்று வேனில் யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து ஜன்னல் வழியாக எதையும் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் குழுவின் முதல் விதி.

காத்மாண்டுவில் சுற்றுலாப் பயணிகள் கூடும் தாமேல் தெருக்களில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு "காசு வேண்டாம், பால்பவுடர் வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் வருவார்கள். காட்டுகிற கடையில் வாங்கிக் கொடுத்தால், நீங்கள் தெருமுனை திரும்பியதும் டப்பா அதே கடைக்குத் திரும்பிப் போய்விடும். பசி என்று கேட்டால் பக்கத்துக் கடையில் உட்காரவைத்துச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

அநாதை இல்லம் பற்றித்தான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். பிறந்தநாள், திவசம் என்றால் இல்லத்துக்குப் போய் ஒரு வேளைச் சாப்பாடு போடுவது நம் வழக்கம். அதே நினைப்பில் அங்கேயும் "ஒரு இல்லத்துக்குக் கூட்டிப் போங்க" என்பார்கள். வேண்டாம். நேபாளத்தில் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். படிக்க வைக்கிறோம் என்று கிராமத்திலிருந்து கூட்டிவந்து, சுற்றுலாப் பயணிகள் வருகிற ஊர்களில் வைத்துக் காசு பார்க்கும் இல்லங்கள் இருக்கின்றன. யுனிசெஃப் முதற்கொண்டு எச்சரித்திருக்கிறது. நாம் போய் அரிசி மூட்டை இறக்கி, குழந்தையோடு படம் எடுத்துக்கொண்டால், இன்னொரு பிள்ளை தாயைவிட்டுப் பிரிய நாமும் ஒரு காரணம்.

அந்தப் பணத்தைக் கேட்காமலே உழைக்கிறவர்களுக்குக் கொடுங்கள். ஓட்டுநர், மூட்டை தூக்கிய ஆள், அறை சுத்தம் செய்த தீதி. குழுவாகச் சேர்த்து உறையில் போட்டு, இரண்டு கையாலும் கொடுங்கள். பத்து ரூபாய்க்காகக் கம்பளி விற்கிற பாட்டியிடம் இருபது பேர் சூழ்ந்து நின்று பேரம் பேசாதீர்கள். தனியாகப் போனால் அது பேரம், கூட்டமாகப் போனால் மிரட்டல்.

6. சாப்பாடும் தண்ணீரும்

குழாய்த் தண்ணீர் கூடாது, பல் தேய்க்கவும் கூடாது. ஓட்டலில் 20 லிட்டர் ஜார் வைத்திருப்பார்கள், அதில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு நாலு.

சமையல்காரரையும் புளிக்காய்ச்சலையும் கூட்டிக்கொண்டு போகிற குழுக்கள் உண்டு. வயதானவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் முதல் நாள் மதியமாவது எல்லாரும் தால்-பாத் சாப்பிடுங்கள். சோறு, பருப்பு, ஒரு காய், ஊறுகாய், கீரை. நமக்கு அந்நியமே இல்லை. கருப்பு உளுந்தில் செய்யும் பருப்புக்கு நெய்யில் ஜிம்பு என்ற காய்ந்த இலையைத் தாளித்திருந்தால் பெருங்காயத்துக்கும் பூண்டுக்கும் நடுவில் ஒரு வாசம் வரும். தட்டு காலியாகக் காலியாகப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். போதும் என்பதற்குப் 'புக்யோ'.

மோமோ வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். 'பஃப்' என்று எழுதியிருந்தால் எருமை இறைச்சி. பக்தபூரில் மண்சட்டியில் விற்கும் ஜுஜு தௌ என்ற தயிரை விட்டுவிடாதீர்கள். கரண்டியை நட்டுவைத்தால் நிற்கும்.

7. இரண்டாம் நாள் காலை

பசுபதிநாதர் கோயிலுக்கு எல்லாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு போவோம். தோல் பெல்ட், தோல் பர்ஸை அறையிலேயே வையுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. கருவறையில் பூசை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து போனவர்கள் என்று தெரிந்ததும் நம் ஆட்களுக்கு ஒரு சொந்தம் வந்துவிடும்.

வெளியே வந்தால் பாக்மதி ஆற்றங்கரையில் சிதைகள் எரியும். அக்கரையில் படிக்கட்டு, அங்கே உட்கார்ந்தால் எல்லாம் தெரியும். செல்போனைப் பைக்குள் வையுங்கள். ஒரு மகன் தலையை மழித்துக்கொண்டு அப்பாவின் காலைத் தண்ணீரில் நனைக்கிற நேரம் அது. நம் வீட்டுச் சுடுகாட்டில் வெளியூர்க்காரர் வந்து வீடியோ எடுத்தால் விடுவோமா?

மதியத்துக்கு வேலை எதுவும் வைக்காதீர்கள். இது அமைப்பாளர்களுக்கு. நாலு பேர் நாலு பேராகப் பிரிந்து ஓட்டலைச் சுற்றி நடக்கவிடுங்கள். இருபத்தைந்து பேர் கூட்டமாகப் போனால் கடைக்காரர்கூட எட்ட நின்றுதான் பேசுவார். நாலு பேர் போனால் தேநீர்க் கடையில் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காரச் சொல்வார். அசன் சந்தைப் பக்கம் தங்கியிருந்தால் இன்னும் நல்லது. மசாலா, பித்தளைப் பாத்திரம், காய்ந்த மீன், பூமாலை எல்லாம் ஒரே சந்துக்குள் இருக்கும், கும்பகோணம் பெரிய கடைத்தெரு மாதிரி.

அன்று இரவே மலையைப் பற்றிப் பேசிவிடுங்கள். காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர், பொகாரா அதைவிடத் தாழ்வு, முக்திநாத் வழியில் வரும் ஜோம்சோம் 2,700, முக்திநாத் 3,700க்கு மேல். கடல்மட்டத்து ஆட்களுக்கு அது பெரிய ஏற்றம். ஜோம்சோமிலோ பக்கத்து ஊரான மார்பாவிலோ ஒரு இரவு தங்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் வந்தால் மாத்திரை கொடுத்துச் சமாளிக்காமல் உடனே கீழே இறக்குங்கள். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இந்த முக்திநாத்தான், இங்கே கோயிலின் 108 தாரையிலும் நனைய வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். இதய நோய் உள்ளவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்பதை ஊரிலேயே பேசி முடித்துவிடுங்கள், அங்கே போய்ப் பேசினால் கேட்க மாட்டார்கள். ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டும்தான், பத்து பதினோரு மணிக்கு மேல் காற்று விடாது. விமானம் ரத்தானால் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டியிருக்கும், அந்த நாளையும் சேர்த்தே திட்டம் போடுங்கள்.

8. திரும்பும்போது

புறப்பாட்டு வாசலில் வேறொரு வரிசை நிற்கும். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள், நெற்றி நிறைய சிவப்பு டீகா, கழுத்தில் சாமந்தி மாலை, கையில் காகித உறை. தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்பார். வந்த அன்று பெல்ட்டில் பார்த்த டிவிப் பெட்டிகள் கிளம்புகிற இடம் இதுதான். பலருக்கு முதல் விமானம். எந்தக் கவுண்டர் என்று தெரியாமல் உங்களைப் பார்ப்பார்கள். சீக்கிரமே போய்விடுங்கள், அப்போதுதான் பரபரப்பில்லாமல் "இந்த வரிசை, பாய்" என்று காட்டிவிட முடியும்.